சந்திர சூரியர் உள்ளவரை

மலேசியாவின் பினாங்குத் தீவில், சூலியா தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். இப்ராகிம், யாகூப், மூசா, தாவூது, சுலைமான் என்று யாராவது யாரையாவது கூப்பிடுவது காதில் விழும். நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் நான்கு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றுபவரின் பெயராக இருக்கலாம். காசு மாற்றும் கடைக்காரரின் பெயராக இருக்கலாம். தெருவின் மேற்குக் கோடியைத் தாண்டிப் பினாங்கு சாலைக்குப் போனால் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். அங்கே பூசைக்கு வரும் தமிழர்களிடம் அதே பெயர்கள் ஆபிரகாம், யாக்கோபு, மோசே, தாவீது, சாலமோன் என்று வேறு உருவில் இருக்கும். எல்லாமே யூத குலத்து முன்னோர் பெயர்கள். வைத்திருப்பவர்களில் ஒருவரும் யூதர் அல்லர்.

அந்தப் பெயர்களுக்கு முதல் உரிமைக்காரர்களும் ஒரு காலத்தில் இந்த ஊரில் இருந்தார்கள். சூலியா தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் அவர்களுடைய தொழுகைக்கூடமும் இடுகாடும் இருந்தன. தொழுகைக்கூடம் 1929இல் திறக்கப்பட்டது. அது இருந்த தெருவின் பெயரைக் கேட்டால் நாகப்பட்டினத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: நாகூர் சாலை, 28ஆம் எண். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீதின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய தர்கா நிற்க, அதே நாகூரின் பெயரைத் தாங்கிய இன்னொரு தெருவில் யூதர்கள் சனிக்கிழமைதோறும் எபிரேய மொழியில் வேதம் வாசித்தார்கள்.

யூதர்களின் பொதுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும் என்பது விதி. நாளடைவில் பினாங்கில் அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. 1976இல் தொழுகைக்கூடத்தை மூடினார்கள். 2011இல் இடுகாட்டில் கடைசி அடக்கம் நடந்தது. அதன் பின் பினாங்கில் யூதர் என்று ஒரு சமூகம் இல்லை.

இடுகாடு மட்டும் இருக்கிறது. அது உள்ள தெருவுக்கு முன்பு ஜலான் யாஹூடி, அதாவது யூதர் தெரு, என்று பெயர். இப்போது ஜலான் ஜைனல் அபிடின். சுற்றுச்சுவருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள். பலவும் சின்னப் பேழையை முக்கோணக் கூரைபோட்டு மூடியது போன்ற வடிவம். இடுகாடு ஏற்பட்டதாகச் சொல்லப்படும் ஆண்டு 1805. ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை ஏற்றி இருபது ஆண்டுகூட நிறையாத காலம். சில கல்லறைகள் மட்டும் மற்றவற்றோடு சேராமல் ஒரு மூலையில் தனியாக இருக்கின்றன. அவை கோஹென் என்ற குலத்தாருடையவை. மோசேயின் அண்ணன் ஆரோனின் வழிவந்த குருக்கள் குலம் அது. கோஹென் குலத்தார் பிணத்தின் பக்கமும் கல்லறையின் பக்கமும் போகக்கூடாது. தம் வீட்டு மூத்தவர்களைப் பார்க்க வரும்போது மற்றக் கல்லறைகளைத் தாண்ட வேண்டாம் என்பதற்காக அவர்களை ஓரமாக அடக்கம் செய்வது யூத ஊர்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம். எருசலேம் கோயில் இடிந்து ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் கழித்து, பலி கொடுக்க ஒரு பீடமும் இல்லாத பினாங்கில், குருக்கள் குலத்துக்கான இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடுகாட்டைத் தலைமுறைகளாகக் கவனித்து வந்தது ஒரு தமிழ் இந்துக் குடும்பம்.

எங்கிருந்தோ வந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, போய்விட்ட இந்தச் சின்னஞ்சிறு சமூகம் கிறிஸ்தவ சிந்தனையின் மிகப் பெரிய கேள்வி ஒன்றை விட்டுப்போயிருக்கிறது. ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கை இன்னும் செல்லுமா? இயேசு வந்த பிறகு அது காலாவதி ஆகிவிட்டதா? புது வாடகைப் பத்திரம் எழுதியதும் பழையதைக் கிழித்துப் போடுவதுபோல, புதிய ஏற்பாடு வந்ததும் பழையது தீர்ந்ததா?

பாபிலோனுக்குப் போன கடிதம்

பினாங்கு யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழி வந்தவர்கள். மும்பை, கல்கத்தா, ரங்கூன் என்று துறைமுகம் துறைமுகமாகக் கடை விரித்து வந்து, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கியவர்கள். பாக்தாதில் அவர்கள் மூதாதையர் எப்போதிலிருந்து இருந்தார்கள்? கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, கோயிலை இடித்து, மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனதிலிருந்து. பழைய பாபிலோனின் இடிபாடுகள் பாக்தாதுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன.

அப்படிப் போன கைதிகளுக்கு எருசலேமிலிருந்து ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் எரேமியா இறைவாக்கினர். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். எரேமியா நூலின் 29ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. கடல் கடந்து போய் வேரூன்றிய எந்தச் சமூகத்துக்கும், சூலியா தெருத் தமிழருக்கும்கூட, பொருந்துகிற அறிவுரை.

இரண்டு அதிகாரம் தள்ளி, 31இல்தான் நம் கேள்விக்கான இடம் வருகிறது. இஸ்ரயேல் வீட்டாரோடு கடவுள் ஒரு புதிய உடன்படிக்கை செய்வார், அது இதயத்தில் எழுதப்படும் என்கிறார் எரேமியா. கிறிஸ்தவர்கள் தங்கள் மறைநூலின் இரண்டாம் பகுதிக்குப் பெயர் எடுத்தது இந்த இடத்திலிருந்து. தமிழில் இது கொஞ்சம் மறைந்து போகிறது. நூலின் அட்டையில் 'ஏற்பாடு' என்றும் உள்ளே 'உடன்படிக்கை' என்றும் தமிழில் இரண்டு சொற்கள் நிலைத்துவிட்டன. புதிய ஏற்பாடு என்றால் புதிய உடன்படிக்கை என்றே பொருள் என்பதைச் சபைக்குப் போகிற பலரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அதே இடத்தில், நாலைந்து வசனம் தள்ளி எரேமியா சொல்வதைச் சபை நெடுங்காலம் விரைந்து கடந்துபோய்விட்டது. பகலுக்குச் சூரியனையும் இரவுக்கு நிலாவையும் விண்மீன்களையும் நியமித்தவர் யாரோ அவரே இதைச் சொல்கிறார். அந்த நியமம் ஒழிந்தால்தான் இஸ்ரயேலின் வழிமரபு என் முன் ஓர் இனமாக இராதபடி ஒழியும். வானத்தை அளந்து முடித்தால்தான் அவர்களைத் தள்ளிவிடுவேன். புதியது வரும் என்ற வாக்கும் பழைய சொந்தம் அற்றுப்போகாது என்ற வாக்கும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க உரைநூல் தேவையில்லை. நம் கோயில் சுவர்களில் நிலக்கொடையும் விளக்குக்கொடையும் பொறிக்கும்போது 'சந்திராதித்தவல்' என்று எழுதுவார்கள். சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை இந்தக் கொடை செல்லும் என்று பொருள். கொடுத்த அரசன் செத்தாலும், வம்சமே மாறினாலும், வாங்கினவன் பேரன் தவறு செய்தாலும் கொடை செல்லும். கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளலாம் என்று ஓலை போகும். எபிரேய மொழியிலும் உடன்படிக்கையைச் 'செய்வது' கிடையாது, 'வெட்டுவது'தான் வழக்கு.

நெருப்பு மட்டும் நடந்த வழி

ஏன் வெட்டுவது? தொடக்க நூலின் 15ஆம் அதிகாரத்தில் காட்சியாகவே இருக்கிறது. ஆபிரகாம், அப்போது அவர் பெயர் ஆபிராம், ஓர் இளம் பசுவையும் வெள்ளாட்டையும் செம்மறிக் கடாவையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். அந்தக் காலத்து மேற்காசியாவில் ஒப்பந்தம் செய்வோர் இப்படிப் பிளந்த உடல்களின் நடுவே நடப்பார்கள். சொல் தவறினால் என் கதியும் இதுவே ஆகட்டும் என்பது அந்த நடையின் பொருள். கழுகுகள் வந்து மொய்க்கின்றன. ஆபிராம் விரட்டிக்கொண்டே இருக்கிறார். பொழுது சாய்கிறது. அவருக்கு ஆழ்ந்த தூக்கம் வந்துவிடுகிறது. இருட்டியதும் புகைகிற சட்டி ஒன்றும் எரிகிற தீப்பந்தம் ஒன்றும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்து போகின்றன.

நடந்தது கடவுள் மட்டும். ஆபிராம் தூங்கிக்கொண்டிருந்தார்.

யூத உரையாசிரியர்களும் கிறிஸ்தவ உரையாசிரியர்களும் திரும்பத் திரும்ப நின்று பார்த்த இடம் இது. ஒரு தரப்பு மட்டும் ஆணையிட்ட ஒப்பந்தத்தை மறு தரப்பு எப்படி முறிக்க முடியும்? பின்னால் சீனாய் மலையில் மோசே வழியாக வந்த உடன்படிக்கைக்கு நிபந்தனைகள் உண்டு. மக்கள் அதை உடனே மீறினார்கள். பொன் கன்றுக்குட்டியைச் செய்து வைத்துக் கும்பிட்டார்கள். மோசே பலகைகளைப் போட்டு உடைத்தார். அழித்துவிடுகிறேன் என்று கடவுள் சொன்னபோது மோசே வாதாடிய வாதங்களில் ஒன்று: ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் நீர் கொடுத்த வாக்கை நினைத்துப் பாரும். பலகைகள் மறுபடியும் வெட்டப்பட்டன.

இதை யாரும் சலுகைச் சீட்டு என்று எண்ணிவிடக்கூடாது என்பதில் இறைவாக்கினர்கள் கறாராக இருந்தார்கள். உங்களைத் தேர்ந்துகொண்டதனாலேயே உங்களைக் கணக்குக் கேட்பேன் என்று கடவுள் சொல்வதாக ஆமோஸ் எழுதுகிறார். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்பவனுக்கு உடன்படிக்கை புகலிடம் ஆகாது. தண்டனை உண்டு, நாடு கடத்தல் உண்டு. கைவிடுதல் மட்டும் இல்லை.

ஒட்டுக்கிளையின் பெருமை

இயேசு யூதர். அவர் தாயும் பன்னிரு சீடர்களும் யூதர்கள். பவுல் பரிசேயராக வளர்ந்த யூதர். ஒரு தலைமுறைக்குள் சபைகளில் யூதரல்லாதவர் பெருகிவிட, யூதர்களில் பெரும்பாலோர் இயேசுவை மெசியாவாக ஏற்காமல் விலகி நின்றார்கள். அப்படியானால் கடவுள் தம் மக்களைக் கைவிட்டுவிட்டாரா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, கி.பி. 57 வாக்கில் உரோமைச் சபைக்கு எழுதிய மடலில் மூன்று அதிகாரங்களைச் செலவிடுகிறார் பவுல்.

அவர் காட்டும் உவமை ஒலிவ மரம். நட்டு வளர்த்த மரத்தில் சில கிளைகள் முறிந்தன. அந்த இடத்தில் காட்டு ஒலிவக் கிளையை ஒட்டினார்கள். ஒட்டு மாங்கன்று போட்டவர்களுக்கு இதில் உள்ள விந்தை உடனே தெரியும். நாட்டு மாங்கன்றில் நல்ல ரகக் கிளையை ஒட்டுவதுதான் வழக்கம். நல்ல மரத்தில் காட்டுக் கிளையை யாரும் ஒட்ட மாட்டார்கள். பவுல் தெரிந்தேதான் தலைகீழாகச் சொல்கிறார். இயல்புக்கு மாறானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். யூதரல்லாத கிறிஸ்தவன்தான் காட்டுக் கிளை. வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது, ஆகையால் முறிந்த கிளைகளைப் பார்த்துப் பெருமை பேசாதே என்று எச்சரிக்கிறார். முறிந்தவற்றை மீண்டும் ஒட்டக் கடவுளால் முடியும். அவர் கொடுத்த வரங்களையும் விடுத்த அழைப்பையும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று 11ஆம் அதிகாரம் 29ஆம் வசனத்தில் முடிவாகச் சொல்லிவிடுகிறார்.

எதிர்வாதத்துக்கும் மறைநூலில் இடம் உண்டு. எபிரேயர் மடல், முதல் உடன்படிக்கை பழையதாகிவிட்டது, பழையது மறையும் நிலையில் இருக்கிறது என்று எழுதுகிறது. பின்வந்தவர்கள் உரோமையர் மடலை மூடிவைத்துவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். உரோமைச் சபை கி.பி. 144இல் அவரை வெளியேற்றியது, நூலை வைத்துக்கொண்டது. ஆனால் நூலுக்கு உரியவர்களை? அதே நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், திரிபோ என்ற யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலில், இனி உண்மையான இஸ்ரயேல் நாங்களே என்று வாதிட்டார். தமிழ்ப் பிரசங்கங்களில் இன்றும் காதில் விழும் 'ஆவிக்குரிய இஸ்ரவேல்' என்ற தொடரின் பூர்வீகம் இந்த வாதம்தான். 386-387இல் அந்தியோக்கியாவில் குருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் எட்டுப் பிரசங்கங்களில் யூதரைச் சாடித் தீர்த்தார். காரணம் வேடிக்கையானது: அவர் சபையார் யூதப் பண்டிகை நாள்களில் தொழுகைக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள், எக்காளம் ஊதுவதைக் கேட்கப் பிரியப்படுகிறார்கள். சாதாரண ஜனங்களுக்குப் பகை இல்லை, மேடைக்குத்தான் இருந்தது.

ஆயர் அகுஸ்தீன் கொஞ்சம் நிதானமாக, யூதர்கள் மறைநூலுக்குச் சாட்சிகள், அவர்களைக் கொல்லக்கூடாது என்றார். சாட்சிக்கு உயிர் மிஞ்சியது, மரியாதை மிஞ்சவில்லை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் யூதர்கள் தனி அடையாளத்தோடு உடுத்த வேண்டும் என்று விதித்தது. 1290இல் இங்கிலாந்தும் 1492இல் ஸ்பெயினும் அவர்களை விரட்டின. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1523இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்பதை நினைவூட்டி அன்பாக எழுதினார். இருபது ஆண்டில் மனம் மாறி, 1543இல் அவர்கள் தொழுகைக்கூடங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். நாஜிகள் அந்த நூலைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

செப்பேட்டில் ஒரு கையெழுத்து

ஐரோப்பாவில் இப்படி நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் நம் பக்கத்துக் கடற்கரையில் கதை வேறு மாதிரி போயிற்று. கி.பி. 849இல் சேர அரசன் தாணு இரவியின் காலத்தில், வேணாட்டு அய்யன் அடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டினார். வாங்கியவர் மார் சபீர் ஈசோ. வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளின் கையெழுத்து மூன்று விதம்: அரபியில் முஸ்லிம்கள், பகலவி எழுத்தில் பாரசீகர்கள், எபிரேய எழுத்தில் யூதர்கள். இந்தியக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றுக்கு யூதர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகளை வழங்கினான். செப்பேட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. பல்லக்கு, குடை, முரசு எல்லாம் அந்த உரிமைகளில் அடக்கம். அவர் வம்சத்துக்கு இவை உலகும் நிலவும் உள்ளவரை செல்லும் என்கிறது செப்பேடு. எரேமியா கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார். கொச்சி யூதர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குப் போனபோது அதன் படி ஒன்றைப் பரிசாகக் கொண்டுபோனார். இந்து அரசர்களின் கீழ் யூதர்களுக்கு மதத்தின் பேரால் கொடுமை நேரவில்லை. நேர்ந்ததெல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகு.

சென்னையிலும் தடம் உண்டு. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். வைரமும் பவளமும் அவர்கள் வியாபாரம்.

திருத்திக்கொண்ட சபை

இருபதாம் நூற்றாண்டில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகுதான் சபைகள் தங்கள் பிரசங்கத்தைத் தாங்களே திரும்பக் கேட்டன. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் ஐசக் தம் மனைவியையும் மகளையும் அந்தப் படுகொலையில் பறிகொடுத்தவர். கிறிஸ்தவ மேடைகளில் தலைமுறை தலைமுறையாக யூதரைப் பற்றி ஊட்டப்பட்ட இகழ்ச்சியை நூல்நூலாக ஆதாரம் காட்டி எழுதினார். 1947இல் சுவிட்சர்லாந்தின் சேலிஸ்பெர்க்கில் கூடிய யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் பத்து அம்சங்களை முன்வைத்தார்கள். இரு ஏற்பாடுகளிலும் பேசுபவர் ஒரே கடவுள் என்பதே முதலாவது. 1960 ஜூனில் ஐசக் போப் இருபத்து மூன்றாம் யோவானைச் சந்தித்துக் கோப்பு ஒன்றைக் கொடுத்தார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துவந்த சொல்லை அந்தப் போப் அதற்கு முந்தைய ஆண்டே எடுத்துவிட்டிருந்தார்.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'நமது காலத்தில்' என்று தொடங்கும் அறிக்கையை வெளியிட்டது. ஆதரவு 2,221 வாக்கு, எதிர்ப்பு 88. அதன் இரண்டாம் பகுதி இந்து, பௌத்த சமயங்களைப் பற்றியது, மூன்றாவது முஸ்லிம்கள், நான்காவது யூதர்கள். சூலியா தெருவையும் சுற்று வட்டாரத்தையும் ஒரு தாளில் எழுதியது போல இருக்கும். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது, அவர்களைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்ற அறிக்கை, பவுலின் ஒலிவ மரத்தையும் மீண்டும் நட்டது. 1980 நவம்பரில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒருபோதும் ரத்து செய்யாத உடன்படிக்கையின் மக்கள் என்று அவர்களைக் குறிப்பிட்டார். 1986 ஏப்ரலில் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குப் போய் அவர்களை அண்ணன்மார் என்று அழைத்தார்.

சீர்திருத்தச் சபைகளும் அசைந்தன. ஜெர்மனியின் ரைன்லாந்து சபை 1980இல், யூதர்கள் கடவுளின் மக்களாகவே நிலைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை செய்தது. அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் சபை 1994இல் லூத்தரின் யூத வெறுப்பு எழுத்துகளை வெளிப்படையாகத் தள்ளியது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அண்ணன்மாருக்கு இயேசு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நிற்கிறது. யூதர்களுக்குச் சீனாய் வழி, மற்றவர்க்கு இயேசு வழி என்று இரண்டு பாதை சொல்வோர் உண்டு. வத்திக்கானின் 2015 ஆவணம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் யூதரை மதம் மாற்றவென்று சபை தனிப்பணி எதையும் நடத்துவதில்லை என்றும், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது கடவுளின் மறைபொருள் என்றும் எழுதியது. சுவிசேஷ சபைகள் பலவும் நற்செய்தி முதலில் யூதருக்கே உரியது, சொல்லாமல் விடுவதுதான் துரோகம் என்கின்றன.

அதைவிடக் கடினமான முடிச்சு நிலம். உடன்படிக்கை நிலைக்கிறது என்றால் இன்றைய இஸ்ரேல் அரசு செய்வதெல்லாம் சரி என்று ஆகுமா? தமிழ்ப் பெந்தெகொஸ்தே கூட்டங்கள் சிலவற்றில் இஸ்ரேல் கொடியைக் காணலாம். எருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு மானியமே தருகிறது. மலேசியரின் கடவுச்சீட்டிலோ இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது. இடையில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். தங்கள் வீடுகளைப் பறிக்க மறைநூலைப் பத்திரமாகக் காட்டாதீர்கள் என்பது 2009இல் அவர்கள் வெளியிட்ட கைரோஸ் அறிக்கையின் முறையீடு. வத்திக்கான் 1985இலேயே ஒரு கோடு போட்டது: இஸ்ரேல் அரசைச் சர்வதேசச் சட்டத்தின் பொது நெறிகளின்படி பார்க்க வேண்டும், சமயக் கண்ணால் அன்று. எருசலேமின் அரசர்களை முகத்துக்கு நேரே கண்டித்தவர்கள் உடன்படிக்கையை முழுதாக நம்பிய அதே இறைவாக்கினர்கள்தான் என்பதை மறக்காதவருக்கு இந்தக் கோடு புதிதாகத் தோன்றாது. சக மனிதர்களாகிய யூதரை மதிப்பதும், ஓர் அரசின் செயலைக் கேள்வி கேட்பதும் ஒன்றோடொன்று மோத வேண்டியதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவருக்கு அருகிலேயே யூதர் இல்லை. அதனால் இது தூரத்துப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் கண்ணால் பார்த்தே இராத ஒரு மக்களை இழிவாகப் பேசும் பிரசங்கமும் ஆகாயத்தில் தூக்கிவைக்கும் பிரசங்கமும் இரண்டுமே நம் ஊர்களில் நடக்கின்றன. உரோமையர் மடலின் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களைப் பொறுமையாக ஒருமுறை வாசித்தால் இரண்டுக்கும் வாய் அடைத்துவிடும்.

பினாங்கில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. கத்தோலிக்க ஆலயங்களில் ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் மாலை வழிபாட்டில் பத்து மன்றாட்டுகள் வரிசையாக வரும். திருச்சபைக்காக, போப்பாண்டவருக்காக என்று தொடங்கும். ஆறாவது யூத மக்களுக்காக. இறைவனின் குரலை முதலில் கேட்ட அந்த மக்கள் அவருடைய உடன்படிக்கையில் உண்மையாய் வளரட்டும் என்று கேட்பதே 1970க்குப் பின் அதன் பொருள். அதற்கு முன் அதே இடத்தில் என்ன சொல்லி வேண்டினார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மறுநாள் சனிக்கிழமை. ஜலான் ஜைனல் அபிடின் அதிகத் தூரம் இல்லை.